புகையறைக் கதவும் அப்பாவின் துப்பாக்கியும்

என் புருஷன் ஹோபர்ட் நல்லவன்தான், கையில் அரம் இல்லாதவரை. துப்பாக்கி சுடும் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவின் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு, குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறியை ராவ ஆரம்பித்தான். குண்டு நாலு விரல் தாழப் போகிறதாம். முன்குறியை ராவினால் குண்டு மேலே ஏறும். அது எங்கள் மலையில் கோழிகளுக்குக்கூடத் தெரியும். லேசாக ராவிவிட்டு, ஒரு முறை சுட்டுப் பார்த்து, பிறகுதான் மறுபடி ராவ வேண்டும். இவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சளசளவென்று பேசிக்கொண்டே ராவினான். கடைசியில் அரிசி முனையளவுதான் மிச்சம் இருந்தது. சுட்டால் குண்டு ஒரு சாண் மேலே போனது.

"ஒட்ட வெச்சிரலாமா?" என்றான் என்னிடம்.

"எச்சில தொட்டு ஒட்டு!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. துப்பாக்கி யாருக்கென்று சொல்லாமலே அப்பா கண்ணை மூடிவிட்டார். என் அண்ணன் டெல்மர் தனக்குத்தான் என்கிறான். மாட்டைப் பரிசாக வைத்துச் சுடும் நாளைய மாட்டுப் போட்டியில் எங்கள் இரண்டு வீட்டில் யார் குண்டு நடுவுக்குக் கிட்ட விழுகிறதோ, துப்பாக்கி அந்த வீட்டுக்கு என்று ஊரறியப் பேசியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டுக் குழம்புக்கு அணில் சுட்டு வந்தது நான். பெயர் என்னவோ அண்ணனுக்குத்தான் போகும்.

எங்கள் போட்டியில் அவரவர் பலகையை அவரவரே கொண்டுவர வேண்டும். கரி பூசிய பலகையில் கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறுவோம். குண்டு விழ வேண்டியது அங்கே. பார்த்துக் குறிவைக்க ஒரு வெள்ளைத் தாள்; அதைத் துப்பாக்கியின் கோணலுக்கு ஏற்றபடி பலகையில் எங்கு வேண்டுமானாலும் அறையலாம். எல்லாருக்கும் தாள் ஒரு விரல், இரண்டு விரல் தள்ளியிருக்கும். எங்களுக்குக் கீழே ஒரு சாண் தள்ள வேண்டும். எங்கள் பலகையோ ஒரு சாண்தான்.

விடிந்ததும் புகையறைக் கதவைக் கீலோடு கழற்றினேன். பன்றித் தொடை தொங்கவிட்டுப் புகை போட்டுப் போட்டு உள்பக்கம் ஏற்கெனவே கன்னங்கரேல் என்றிருந்தது, கரிச் செலவும் மிச்சம். மூலையில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்துத் தாளுக்கு அளவு எடுத்துக்கொண்டேன்.

கழுதை வண்டியிலிருந்து கதவை இறக்கியதும் மைதானமே சிரித்தது.

"என்ன மாப்ள, வீட்டையும் கொண்டு வந்திருக்கலாமே!" என்றான் டெல்மர். "ஏ ஆர்வில்லா, உன் புருஷன் குண்டு எங்க விழுந்தாலும் கதவுல விழட்டும்னு பாக்கறானா?"

"உன் பலகைய நீ பாரு அண்ணே. பலகை இத்தனை நீளம்தான்னு யாரும் சொல்லலையே."

நடுவர் தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு, சட்டத்தில் இடமுண்டு என்றார்.

டெல்மர் தன் துப்பாக்கியால் முதலில் சுட்டான். குறியிலிருந்து நகக்கண் அளவுதான் தள்ளி விழுந்தது. படுபாவி, நன்றாகத்தான் சுடுவான்.

"நான் போகலடி," என்றான் ஹோபர்ட் காதோரம் சிவந்து. "கதவுக்கு முன்னால படுத்தேன்னா சாகுறவரைக்கும் கதவு ஹோபர்ட்னுதான் கூப்பிடுவானுங்க."

"தள்ளு."

பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குப்புறப் படுத்தேன். குழலைக் கட்டையில் சாத்தி, அடியிலிருந்த தாளைப் பார்த்தேன். அந்தத் துளி முன்குறி பித்தளைப் பொட்டாக மின்னியது. அழுத்தினேன். புகை கலைவதற்குள் நடுவர் ஓடினார். திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வந்தார்.

"கீறல் ரெண்டும் சேர்ற எடத்துலயே விழுந்திருக்கு."

சிரித்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கட்டையில் சாத்தியிருந்த துப்பாக்கியை டெல்மர் எடுத்தான். அப்பா தடவித் தடவித் தேய்ந்த பிடிக்கட்டையை ஒரு தரம் தடவினான். பிறகு என்னைத் தாண்டி ஹோபர்ட்டிடம் நீட்டினான்.

"பேச்சு பேச்சுதான் மாப்ள. உன் வீட்டுக்கே போகட்டும். புடி."

ஹோபர்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சுட்டது நான் இல்ல மச்சான். அவ கையில குடு."

அண்ணன் என் பக்கம் திரும்பித் துப்பாக்கியை நீட்டினான்.