நடுவில் ஒரு பெயர்

1993ஆம் ஆண்டு வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பெர்னடெட் அரைப் போத்தல் மண்ணெண்ணெயைத் துணியில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கோப்பாய்க்குப் புறப்பட்டாள். கொம்பியூட்டர் வகுப்புக்கு அதுதான் கட்டணம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. அரைப் போத்தலுக்கு ஜெனரேற்றர் அரை மணி நேரம் ஓடும்.

"உந்த மிசின் மீன் பிடிக்குமோ?" என்று கேட்டபடிதான் அவள் புருசன் லியோன், தன் படகு மோட்டாருக்கு வைத்திருந்த எண்ணெயில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்திருந்தான்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கான சங்கத்தில் தட்டெழுத்தாளர். இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களின் நிவாரணப் பட்டியல் பதினொரு பக்கம். எல்லாம் ஆங்கில எழுத்து வரிசையில். புதிதாக ஒரு குடும்பம் வந்தால், அந்தப் பெயரை அதற்குரிய இடத்தில் சேர்ப்பதற்காக அதற்குக் கீழுள்ள அத்தனை பெயரையும் திரும்ப அடிப்பாள். கொம்பியூட்டரில் நடுவிலேயே சேர்க்கலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வகுப்பு நடத்திய அடைக்கலநாதன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கொழும்பில் படித்துவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் ஒற்றைக் கொம்பியூட்டரை வைத்திருந்தான். முற்றத்தில் ஜெனரேற்றர் இரைந்ததும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் தோன்றின. முதலில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னான். பெர்னடெட்டின் விரல்கள் ஓடின. வரி முடியும் நேரம் இடது கை தானாக எழும்பி, தட்டச்சின் உருளையைத் தள்ளுவதுபோல வெறும் காற்றைத் தள்ளியது.

"அக்கா, அங்கை ஒண்டுமில்லை. வரி முடிஞ்சா அது தானாக் கீழை போகும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கை கேட்கவில்லை. இன்னும் நான்கு தரம் காற்றைத் தள்ளியது.

பிறகு பட்டியலின் முதல் பத்தொன்பது பெயர்களை அடித்தாள். "இனி நடுவிலை ஒரு பேரைப் போட்டுப் பாக்கட்டோ, மாஸ்டர்?"

"போடுங்கோ."

ஏழாவது பெயரின் முன்னால் போய் நின்று ஒரு விசையைத் தட்டினாள். கீழே இருந்த பெயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு படி இறங்கி, அவளுக்கு இடம் விட்டன. பெர்னடெட் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பவும் தட்டினாள். திரும்பவும் இறங்கின.

அந்த நேரம் எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. திரை இருண்டது.

"எங்கை போனது?"

"எல்லாம் அழிஞ்சு போட்டுது அக்கா. பிளொப்பித் தட்டிலை சேவ் பண்ண முதல்லையே சொல்லித் தந்திருக்கவேணும். பிழை என்னிலைதான்."

"போனால் போகட்டும். அது கீழை இறங்கினதை நான் கண்டிட்டன்."

அடுத்த ஐந்து சனிக்கிழமையும் போனாள். சேவ் பண்ணும் விசைகளை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டினாள். மாக் குழைக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து பெயருக்கு ஒருமுறை சேவ் பண்ணி, பதினொரு பக்கத்தையும் அடித்து முடித்தாள். ஆனி மாதப் பட்டியலை மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அதைப் பிரின்ற் எடுப்பதாக ஏற்பாடு.

அன்று காலை செபஸ்தியம்மா என்றொரு பெண் நான்கு பிள்ளைகளோடு சங்கத்து வாசலில் வந்து நின்றாள். பட்டியல் பன்னிரண்டு மணிக்குக் கச்சேரிக்குப் போய்விட வேண்டும். தட்டச்சு என்றால் செபஸ்தியம்மாவுக்கு அடுத்த மாதம்தான் அரிசி.

"பேரைச் சொல்லுங்கோ. இந்த மாசமே போடுறன்" என்றாள் பெர்னடெட்.

லியோன் பெர்னடெட்டைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தான். இந்தத் தடவை முழுப் போத்தல், அவனாகவே எடுத்தது. கோப்பாயில் அவன் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். பத்தாம் பக்கத்துக்குப் போனாள், தட்டினாள், பெயர்கள் இறங்கின. செபஸ்தியம்மா, ஐந்து பேர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மிச்சத்தைத் திரும்ப அடிக்கத் தேவையில்லையோ?" லியோன் கேட்டான்.

"தேவையில்லை."

"ஒருக்கால் அந்தப் பேரை எடுத்திட்டுத் திரும்பப் போட்டுக் காட்டு."

காட்டினாள். இடது கை இப்போது காற்றைத் தள்ளவில்லை என்பதை அவள் கவனிக்கவேயில்லை. பிரின்றர் கீச்சிட்டுக்கொண்டு வரிவரியாகத் தாளைத் தள்ளியது. பதினொரு பக்கத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கக் கச்சேரியில் கொடுத்தார்கள். கிளாக்கர் பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததிலிருந்து பெர்னடெட் வாய் ஓயவில்லை. சங்கத்துக் கடிதங்களை அதில் வைக்கலாம், நிவாரணமாக மீன்வலை கிடைத்தவர்களைத் தனியாக எழுதலாம், தமிழில் அடிக்க வழி இருக்கிறதா என்று மாஸ்டரிடம் கேட்க வேண்டும். லியோன் வெயிலில் மிதித்தபடி "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

"நாளைக்கும் வகுப்பு இருக்கோ?" என்றான் கடைசியில்.

"ஓம், சனிக்கிழமையெல்லோ."

"அப்ப நானும் வாறன். என்ரை பேரை நானே அடிச்சுப் பாக்கவேணும்."