சுத்தம் பண்ணிய கடல்

திமிங்கிலம் பாட ஆரம்பித்ததும் இறால் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அது உட்கார்ந்து பார்க்கிற அரங்கம் இல்லை, கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தலைக்கு மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை, கூரை முழுக்கத் திரை, சுவரிலும் நாற்காலிக்கு அடியிலும் ஸ்பீக்கர்கள். விளக்கை அணைத்துவிட்டால் கடலுக்கு அடியில் கிடப்பது போலவே இருக்கும். கடலைப் பற்றிப் புத்தகத்தில் படித்தால் கொட்டாவி விடுகிற ஜனங்களைக் கடலுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்றுதான் ஊர்க் கடல் காட்சியகத்தில் இதைக் கட்டினார்கள். அந்த யோசனையில் டீச்சருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"நம்ம கடல்ல திமிங்கிலம் ஏது?" என்று இருட்டில் சத்தமாகக் கேட்டாள்.

ஒத்திகை நேரம், பதில் சொல்ல ஆளில்லை. மேலே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கும்பலாகத் திரும்பின. வயலின் இழைந்தது. திமிங்கிலம், யாரோ கையைக் காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட மாதிரி, இன்னொரு தடவை ராகம் இழுத்தது.

இறால் டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். கல்லூரியில் கடலியல் சொல்லிக்கொடுக்கிறாள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் இறாலில்தான் வந்து நிற்பாள் என்று கிண்டலுக்கு வைத்தது, சக ஆசிரியர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது வீட்டுக்காரர்கூட போனில் அந்தப் பெயரில்தான் அவளைப் பதிந்து வைத்திருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. உண்மையும் அதுதானே. விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால், பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கத் தன் கொடுக்கால் சொடுக்குப் போடும். ஒன்று போட்டால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஆயிரக்கணக்கில் சேர்ந்து போட்டால், சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி கடலே சடசடவென்று வெடிக்கும். உயிரோடு இருக்கிற பவளத்திட்டின் சத்தம் அது. வெளிக்கடலில் திரிகிற மீன்குஞ்சுகள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் திட்டைத் தேடி வந்து குடியேறும். சத்தம் இல்லாவிட்டால், அங்கே ஒரு வீடு இருப்பதே அதுகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஊருக்கு எதிரே கடலில் இரண்டு திட்டுகள். வடக்குத் திட்டின் ஓரமாகத் தோண்டித் துறைமுகத்தை ஆழப்படுத்தினார்கள். கிளம்பிய சேறெல்லாம் அதன் மேலேயே படிந்து, திட்டு மூச்சடைத்துச் செத்தது. இப்போது தெற்குத் திட்டின் பக்கமும் தோண்ட வேண்டுமாம். அடுத்த வாரம் நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு. மன்றத்து உறுப்பினர்களுக்கு டீச்சர் அறிக்கை கொடுத்துப் பார்த்தாள், நேரில் போய் நின்று பார்த்தாள், எல்லாரும் தலையை ஆட்டினார்கள், யாரும் படிக்கவில்லை. தண்ணீருக்குள் நடப்பது தண்ணீருக்கு மேலே இருப்பவர்களுக்கு எதற்கு? ஆனால் நாளைக்கு அரங்கத்தின் திறப்பு விழா. உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்து முதல் வரிசையில் படுப்பார்கள். பத்து நிமிடம் தெற்கைக் கேட்கட்டும், பத்து நிமிடம் வடக்கைக் கேட்கட்டும், அப்புறம் கையைத் தூக்கட்டும் என்பது அவள் கணக்கு. தெற்குத் திட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் அதுதான்.

அவர்கள் கடல் கலங்கல் கடல். கேமராவுக்கு முழங்கை தூரம்கூடத் தெரியாது. அதனால் படம் முழுக்கக் கணினியில் வரைந்ததுதான், இரண்டு திட்டுக்கும் ஒரே மீன், ஒரே பாசி. இதற்கு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். "படத்தை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க சார். சத்தம் மட்டும் நான் கடல்ல எடுத்தது, அப்படியே இருக்கணும். அதுல கை வைக்கக் கூடாது" என்று காட்சியகத்து மேலாளரிடம் சொல்லியிருந்தாள். அவரும் "உங்க சத்தத்துக்கு நான் பொறுப்பு மேடம்" என்று நெஞ்சில் கை வைத்தார். இப்போது மேலே திமிங்கிலம் பாடுகிறது. தெற்கிலும் பாடுகிறது, வடக்கிலும் பாடுகிறது.

அவள் நேராக ஒலி அறைக்குப் போனாள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவளுடைய கொழுந்தன். வீட்டில் எல்லாருக்கும் சின்னவன். ஒலிக்கலவை அவன் தொழில், இந்த வேலைக்கு வந்ததில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"எப்படி இருக்கு அண்ணி?" என்றான் வாயெல்லாம் பல்லாக.

"நான் குடுத்த சத்தமெல்லாம் எங்கடா?"

"எந்தச் சத்தம்?"

"சடசடன்னு இருக்குமே, தெற்குத் திட்டுல எடுத்தது."

"அதை ஏன் கேக்குறீங்க! பெரிய தலைவலி பிடிச்ச வேலை அண்ணி. பதிவு முழுக்க ஒரே கரகரப்பு. கேபிள் எங்கேயோ விட்டுப்போயிருக்குன்னு நினைச்சேன். பாவம், நீங்க படகுல ஆடிக்கிட்டே எடுத்திருப்பீங்கல்ல? குறை சொல்லக் கூடாதுன்னு நானே உக்காந்து ஒவ்வொரு வெடிப்பா தேச்சு எடுத்துட்டேன். இப்ப கேட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

"வடக்கு?"

"அதுல சுத்தமா ஒண்ணுமே இல்ல. மைக் செத்துப்போச்சு போலன்னு விட்டுட்டேன். ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு இருந்துச்சா, மியூசிக் போட்டு நிரப்பிட்டேன். திமிங்கிலம் மேலாளர் கேட்டது."

டீச்சர் திட்டத்தான் வாய் திறந்தாள். யாரைத் திட்டுவது? அவன் தொழிலில் கரகரப்பு என்றால் அழுக்கு. அழுக்கைக் கண்டால் துடைக்க வேண்டும், ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும். அவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து, ஒரு திட்டின் உயிரைத் துளித்துளியாகத் தேய்த்து எடுத்திருக்கிறான். இன்னொரு திட்டின் சாவுக்கு மேல் வயலினைப் போட்டு மூடியிருக்கிறான். அதுவும் அண்ணி மானம் போகக் கூடாதே என்று!

"அது கேபிள் இல்லடா, இறால்" என்றாள். "நீ தேச்சு எடுத்தது அத்தனையும் இறால். வடக்குல செத்தது மைக் இல்ல, திட்டு."

சின்னவன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான். "என்கிட்ட யாருமே சொல்லலையே அண்ணி. சுத்தமா இருக்கணும்னு மட்டும்தான் மேலாளர் சொன்னார்."

மேலாளரின் அறையில் உடம்பு விறைக்கிற ஏசி குளிர். அவர் எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார், கடைசி வரை சிரித்த முகமாகவே இருந்தார். அடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"எல்லாம் பார்த்துத்தான் பண்ணியிருக்கோம் மேடம். கரகரன்னு ஓடவிட்டா ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுன்னு நினைப்பாங்க. ஒண்ணும் கேக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க."

"அது கிழிஞ்ச சத்தம் இல்ல சார். அதுதான் பாடமே. அதைக் கேக்க வைக்கத்தான் இவ்வளவு பெரிய கூரையைக் கட்டினீங்க."

"பாடம்தான். ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது. குழந்தைங்களுக்குத் திமிங்கிலம் எவ்வளவு பிடிச்சிருக்கு தெரியுமா?"

"நம்ம கடல்ல திமிங்கிலமே கிடையாது!"

"அதனால என்ன மேடம், இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் குரலை இறக்கி, நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "மன்றத் தலைவியம்மாவுக்கு முன்னாடியே கொஞ்சம் போட்டுக் காட்டினோம். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. தோண்டின இடமும் தோண்டாத இடமும் ஒரே மாதிரி அழகா இருக்கே, சும்மா பயந்துட்டோமேன்னாங்க."

ஆறு வருடம் படகில் வாந்தி எடுத்து, வெயிலில் தோல் உரிந்து அவள் சேர்த்த சான்றையே எடுத்து, அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். தெற்குத் திட்டின் கழுத்தை அறுக்கிற கத்தியில் அவள் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். படத்தின் நன்றி அறிவிப்பில் முதல் பெயரே அவளுடையதுதான்.

"என் பேரை எடுத்துடுங்க" என்றாள்.

"ஐயோ, உங்க பேர் இருந்தாத்தானே மேடம் இது அறிவியல்?" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று ஆளுக்கொரு தரம் கேட்டார்.

"விடும்மா" என்றார் கடைசியில். "அவன் தெரியாம பண்ணிட்டான். நீ நாளைக்குப் போய் ரகளை பண்ணினா, அவன் வேலைதான் போகும்."

"அவனை நான் ஒண்ணும் சொல்லலை. தெரிஞ்சே பண்ணினவன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க. ஊர்ல எல்லாரும் இப்படித்தான். நல்லா இருக்கா, அழகா இருக்கா, அது போதும். நிஜமான்னு கேட்டா நான் ரகளை பண்றேன்!"

சின்னவன் தலை நிமிர்ந்தான். "மூலப் பதிவு அப்படியே இருக்கு அண்ணி. நான் எதையும் அழிக்கிறதில்லை."

"நீ அதுல கை வைக்க வேண்டாம். எந்தப் பொத்தான்னு மட்டும் காட்டு, நான் போட்டுக்கறேன். கேட்டா நான்தான் போட்டேன்னு சொல்லிக்கறேன்."

வீட்டுக்காரர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. பள்ளிப் பிள்ளைகள், அவர்களின் அம்மா அப்பாக்கள், துறைமுகத்து ஆட்கள், முதல் வரிசையில் மன்றத்து உறுப்பினர்கள், நடுவில் தலைவியம்மா. மேலாளர் மைக்கைப் பிடித்து அறிவியலையும் அழகையும் பற்றி ஒரு பாட்டம் பேசி ஓய்ந்தார். ஒலி அறையில் சின்னவன், "இதை இறக்குங்க, இதை ஏத்துங்க, பேசணும்னா இந்த மைக்" என்று காட்டிவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன் அண்ணி, ரொம்ப தூரத்துல ஒரு கடைக்கு" என்று கிளம்பினான். டீச்சர் கதவை உள்ளே தாழிட்டாள்.

விளக்கு அணைந்தது. தெற்குத் திட்டின் படம் விரிந்தது, வயலின் கிளம்பியது. அவள் ஒன்றை இறக்கினாள், ஒன்றை ஏற்றினாள். வயலின் தேய்ந்து மறைய, கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் முதுகுக்கு அடியிலிருந்தும் சடசடவென்று வெடித்தது.

"ஸ்பீக்கர் போச்சு!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது.

டீச்சர் மைக்கைப் பிடித்தாள். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. நீங்க கேக்குறது தெற்குத் திட்டு. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு இறால், கொடுக்கால சொடுக்குப் போடுது. பின்னாடி உறுமற மாதிரி கேக்குதே, அது மீன். இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மீன்குஞ்சுங்க இங்க வந்து சேருது. கொஞ்சம் சும்மா இருந்து கேளுங்க."

கேட்டார்கள். முதலில் நெளிந்தார்கள், அப்புறம் முணுமுணுப்பு அடங்கியது. காதைப் பொத்தியிருந்த பிள்ளை கையை எடுத்தது. "அம்மா, எவ்வளவு பேரு இருக்காங்க!" என்றது. இதற்குள் மேலாளர் ஒலி அறைக் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார். முதலில் மரியாதையாக, பிறகு முஷ்டியை மடக்கி.

அவள் வடக்குக்கு மாற்றினாள்.

மேலே அதே மீன்கள் அதே மாதிரி திரும்பின. கீழே ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருத்தர் "சவுண்டு!" என்றார். இன்னொருத்தர் விசில் அடித்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், "சவுண்டு! சவுண்டு!" என்று கை தட்டினார்கள். உறுப்பினர் ஒருவரும் கூடச் சேர்ந்து கத்தினார். டீச்சர் அவர்களைக் கத்தவிட்டாள். நன்றாகக் கத்தட்டும். வடக்குத் திட்டுக்காக இந்த ஊரில் யாரும் இதுவரை இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

கத்தி ஓய்ந்ததும் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"சவுண்டு போகலை. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இது வடக்குத் திட்டு. மேல தெரியற மீனெல்லாம் வரைஞ்சது. அங்க இருக்கறது நீங்க இப்ப கேக்குறீங்களே, இதுதான்."

விசில் நின்றது. அவ்வளவு பெரிய கூரைக்கு அடியில் அத்தனை பேர் மல்லாந்து கிடந்தார்கள், ஒருத்தர்கூட இருமவில்லை. கதவைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போலேருந்து இப்படி இருக்கு?" முதல் வரிசையிலிருந்து வந்தது தலைவியம்மாவின் குரல்.

"தோண்டினதுலேருந்து. நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அதுலேருந்து."

"லைட்டைப் போடுங்க! யாராவது லைட்டைப் போடுங்க!" என்று வெளியே மேலாளர் அலறினார்.

"போடாதீங்க" என்றார் தலைவியம்மா. பிறகு கேட்டார், "இது இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"நீங்க எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் இதேதாங்க" என்றாள் டீச்சர். அவள் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.