இல்லூர்தி புறப்பாடு

பேச்சாளர் எவ்வளவு பெரிய புலியானாலும் பால்வண்ணநாதன் மணியைத் தட்டிவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். தென்காசி வட்டாரத்துப் பட்டிமன்றங்களில் அது எழுதாத சட்டம். கோயில் கொடையோ, பள்ளி ஆண்டுவிழாவோ, நகைக்கடைத் திறப்போ, நடுவர் நாற்காலி அவருக்குத்தான். மேசைமேல் வைக்கிற பித்தளை மணியும் அவர் வீட்டிலிருந்தே வரும். அவர் பேசும்போது மணியடிக்கத்தான் ஆள் கிடையாது. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். 'நாவரசு' என்ற பட்டத்தை ஓர் இலக்கிய மன்றம் கொடுத்தது. 'சொற்கடல்' இன்னொரு மன்றத்தின் உபயம். ஃபிளக்ஸ் அடிக்கிறவன் "இன்னும் கொஞ்சம் இடம் கெடக்கு அண்ணாச்சி" என்றதால் 'தீர்ப்புத் திலக'த்தை அவரே சேர்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் காசிவரை ஒரு தமிழ்ப் பயணம் போவதென்றால் ரயிலிலா போவார்? கோயம்புத்தூர்ப் பட்டறையில் சொல்லி, ஒரு பெரிய வேனுக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை, புத்தக அலமாரி எல்லாம் வைத்துக் கட்டி வாங்கிவிட்டார். ஊரார் அதைக் கேரவன் என்றார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. மோட்டார் ஹோம் என்றாலும் நாக்கு கூசியது. இல் என்றால் வீடு, ஊர்தி என்றால் வண்டி. ஆகவே இது 'இல்லூர்தி' என்று நெற்றியில் எழுதி வைத்தார். முக்குக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இல்லூர்தின்னா? ஊர்தி இல்லைங்கீயளா அண்ணாச்சி?" என்று கேட்டான். இலக்கணம் தெரியாதவனிடம் என்ன பேச?

ஓட்டுகிறவர் அவருடைய மனைவி ஆனந்தவள்ளி. விவசாய அதிகாரியாக இருந்த காலத்தில் வடகரை வயல்வெளிகளில் இலாகா ஜீப்பை விரட்டிய கை. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு மைக் பிடிக்க வராது என்பது பால்வண்ணநாதனின் கொள்கை. அதனால் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

புறப்பாட்டுக்கு முதல் நாள் வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் போனபோதுதான் அவர் அதைப் பார்த்தார். சில வாரங்களாக வீட்டு வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்ற வண்டி. முன்சக்கரத்தின் பளபளத்த கம்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு வட்டு தெரிந்தது. அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாகத் துரு! நாளைக்குக் கொடியசைக்கிற நேரத்தில் எவனாவது, "பழைய வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால்? உள்ளே போனார். மனைவி தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். கிழிந்த வேட்டித் துணியைக் குச்சியில் சுற்றி, காது குடைகிற பாவனையில் கம்பிகளுக்கு இடையே விட்டு இரண்டு முன்சக்கரத்து வட்டுகளையும் துடைத்தெடுத்தார். வெள்ளிக் காசு மாதிரி மின்னின. பின்சக்கரத்து வட்டு வெளியே தெரியாது. தெரியாததற்கு எண்ணெய் செலவழிப்பவர் அல்ல அவர்.

மறுநாள் காலை தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வண்டி கிளம்பியது. மேலகரம் தாண்டி ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. ஆனந்தவள்ளி பிரேக்கை மிதித்தார். வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடம் போய், நுங்கு வண்டிக்காரன் குலதெய்வத்தைக் கூப்பிட்ட பிறகு நின்றது.

"பிடிக்கல" என்றார் ஆனந்தவள்ளி.

"நா செய்யுதது எதுதான் ஒனக்குப் பிடிச்சிருக்கு?"

"உங்களச் சொல்லல. பிரேக்கச் சொல்லுதேன். சரியாப் பிடிக்கல."

"புது வண்டி. போகப் போகப் பழகிரும். இன்னைக்குப் பாத்து அபசகுனமா பேசாத வள்ளி."

கொஞ்ச தூரம் போனதும் ஆனந்தவள்ளி மூக்கைச் சுளித்தபடி, "பப்படம் பொரிக்க வாசம் வருதுல்லா?" என்றார்.

"குத்தாலத்துல சீசன் நேரம் சிப்ஸு போடாத கடை எது? வேற என்ன வாசம் வரும்?"

ஆனந்தவள்ளி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடைகளைப் பார்த்தார். சிப்ஸ் கடை இன்னும் வரவில்லை.

குற்றாலத்து மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. புறப்பாட்டை வெறும் கொடியசைப்போடு முடிக்க மனமில்லாமல் ஒரு பட்டிமன்றமும் ஏற்பாடு செய்திருந்தார் நாவரசு. தலைப்பு: 'நெடும்பயணத்துக்குப் பெரிதும் தேவை உந்துபொறியா, தடுப்பியா?' இன்ஜினா, பிரேக்கா என்பதற்கு அவர் தமிழ். தீர்ப்பு முந்தின வாரமே தயார். இன்ஜின்தான். ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில் பிரேக் என்று எவனாவது தீர்ப்புச் சொல்வானா? தவிர, இன்ஜின் அணித் தலைவர் ஆலங்குளத்து ரைஸ்மில் முதலாளி இசக்கிப்பாண்டி. பந்தலும் ஃபிளக்ஸும் அவர் செலவு. பட்டிமன்றம் முடிந்ததும் பச்சைக்கொடி அசைக்கப்போவதும் அவர்தான். கொடியை இப்போதே மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இசக்கிப்பாண்டி எழுந்து, இன்ஜின் என்றால் இதயம், இதயம் என்றால் தாய், தாய் என்றால் தமிழ் என்று சொல்லி முடித்தார். கைதட்டல் ஓயவில்லை. அடுத்து பிரேக் அணிக்கு சண்முகப்பிரியா. பாலிடெக்னிக்கில் வண்டிப் பாடம் நடத்துகிற இளம் ஆசிரியை. மேடைப்பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. வகுப்பு எடுக்கிற மாதிரியே ஆரம்பித்தாள்.

"டிஸ்க் பிரேக்கு ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஒரு அப்பளம் சுத்திக்கிட்டே இருக்குன்னு வைங்க. அத ரெண்டு உள்ளங்கையால ரெண்டு பக்கமும் அமுக்குனா நின்னுரும்லா? சக்கரத்துக்குள்ள இருக்க வட்டுதான் அப்பளம். பேடு ரெண்டும் உள்ளங்கை. அந்தக் கை காஞ்சு இருக்கணும். எண்ணெய்க் கையா இருந்தா வழுக்குமரம் ஏறுனவன் கதிதான்."

சிரிப்பு. பால்வண்ணநாதனும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் ஏதோ இடறியது.

"மழையில நின்னா டிஸ்க்குல மேலாப்புல துரு பூக்கும். அது இயற்கை. நாலு தடவ பிரேக் பிடிச்சா தன்னால போயிரும். அதப் பாத்துட்டு அழகா இருக்கணும்னு எண்ணெய் தடவுத புத்திசாலிகளும் ஊர்ல இருக்காங்க. டிஸ்க்கத் தொடச்சிரலாம். ஆனா பேடு எண்ணெயக் குடிச்சிரும். குடிச்ச பேடு, குடிச்ச மனுஷன் மாதிரி. எங்க நிக்கணும்னு தெரியாது. சமதரையில எப்படியோ சமாளிக்கலாம். மலை எறக்கத்துல..."

டிங்.

நடுவரின் கை தானாக மணியைத் தட்டியிருந்தது. நேரம் பாதிகூட ஆகவில்லை. பிரேக் அணியை மணி அடித்து நிறுத்திய நகைச்சுவை என்று எண்ணி அவை ஆர்ப்பரித்தது. சண்முகப்பிரியா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள்.

பிறகு பேசினவர்கள் என்ன பேசினார்கள் என்று பால்வண்ணநாதனுக்குத் தெரியாது. அவர் காதுக்குள் நுங்கு வண்டிக்காரன் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பப்படம் பொரிக்கிற வாசம் வந்தது. பயணம் கேரளா வழியாக. செங்கோட்டை தாண்டினால் புளியரை வளைவுகள். ஜல்லி ஏற்றின லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஏறும். ஆரியங்காவு தாண்டினால் இறக்கம். ஸ்டியரிங்கில் வள்ளி.

அவர் வாழ்க்கை முழுவதும் இரண்டு பக்கமும் பேசிப் பழகியவர். ஆகவே இதற்கும் இரண்டு பக்கம் கண்டுபிடிக்கப் பார்த்தார். ஓடின சூட்டில் எண்ணெய் எரிந்துபோய்விடாதா? அல்லது தீர்ப்பை இன்ஜினுக்கே சொல்லிவிட்டு, கொடியசைத்த பிறகு மறைவாகச் செங்கோட்டையில் நிறுத்தச் சொன்னால்? நிற்குமா? வயிற்றுவலி என்றால்? காசிப் பயணத்தை ஒரு வயிற்றுவலியிலா முடிப்பது? நெஞ்சுவலிக்கு ஒரு கௌரவம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள்.

முன்வரிசையில் ஆனந்தவள்ளி வண்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்வண்ணநாதனுக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, உயர்ந்தது அன்பா அறிவா என்று எத்தனை தீர்ப்பு வழங்கியிருக்கிறார்! எந்தத் தீர்ப்பையாவது கேட்டு எவனாவது வீட்டில் போய் ஒரு நாற்காலியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறானா? கைதட்டினார்கள், சுண்டல் தின்றார்கள், போனார்கள். தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் ஒரு நகம் பெயர்ந்ததில்லை. அந்த மெத்தையில்தான் இத்தனை காலமும் திலகமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்றைக்கு மட்டும் தப்பாகச் சொன்னால் ஓர் ஆள் சாகலாம். அந்த ஆளுக்குத் தன் கையால் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்.

எழுந்தார். இசக்கிப்பாண்டி கொடியை விரித்துக்கொண்டு தயாரானார்.

"ஆன்றோர்களே, சான்றோர்களே, குறவஞ்சி பிறந்த மண்ணின் குளிர்சாரலே..." என்று வாய் அதுபாட்டுக்குப் போனது. அதை நிறுத்த அவரே கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. "தீர்ப்பு, பிரேக்கு" என்றார். தடுப்பி என்று சொல்லவில்லை. "வண்டி இன்னைக்குப் போகாது. முன்சக்கரத்து டிஸ்க்குல தேங்காய் எண்ணெய் இருக்கு. துரு தெரியக் கூடாதுன்னு நான்தான் தடவுனேன்."

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவர் பட்டிமன்ற வாழ்வில் இப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. "அண்ணாச்சி பின்னிட்டிய!" என்று பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

"சத்தியமாச் சொல்லுதேன்" என்றார் பால்வண்ணநாதன். சிரிப்பு கூடியது.

"வள்ளி தலைக்குத் தேய்க்க எண்ணெய்!" என்றார். பெண்கள் பக்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இசக்கிப்பாண்டி தோற்ற வருத்தத்தையும் மறந்து சிரித்துக்கொண்டே கொடியை ஆட்டினார்.

"கொடிய எறக்கும்வே!" என்று நாவரசு கத்தினார். அதற்கும் கைதட்டினார்கள். இத்தனை காலம் அலங்கரித்த பொய்யையெல்லாம் நம்பினவர்கள், வெறும் உண்மையை நம்ப மறுத்தார்கள். அவர் மணியை எடுத்துத் தனக்குத்தானே ஒருதரம் தட்டிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி நடந்தார். முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது. சாவி! அவர் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாவரசு ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை.

வெளியே இல்லூர்தி ஜாக்கியில் நின்றது. முன்சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. சக்கரம் இருந்த இடத்தில் நசுங்காத எலுமிச்சம்பழம் ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. மெக்கானிக் நல்லக்கண்ணு பேடுகளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஆனந்தவள்ளி ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் எண்ணெய்தான்" என்றார். "கறிவேப்பில போட்டுக் காய்ச்சினது. மண்டபத்துல எறங்கி சக்கரத்த ஒரு வெரலு தடவிப் பாத்தேன். இன்னும் கையில வாசம் போகல."

"அப்பவே தெரியுமா?"

"எண்ணெய்னு தெரியும். உங்க வேலையாத்தான் இருக்கும்னும் தெரியும். எதுக்குன்னு நீங்க பேசித்தான் தெரிஞ்சுது. ஸ்பீக்கர்ல கேட்டுது." பேடை நல்லக்கண்ணுவிடம் கொடுத்தார். "நீங்க ஒங்க நண்பர் கொடி கோணிரக் கூடாதுன்னு இன்ஜின்னு சொல்லியிருந்தாலும் வண்டி போயிருக்காது. நல்லக்கண்ணுக்கு நா முன்னாலயே போன் பண்ணிட்டேன்."

பால்வண்ணநாதனுக்கு ஒரு பக்கம் மூச்சு வந்தது. இன்னொரு பக்கம் வாழ்நாளின் ஒரே உண்மையான தீர்ப்பும் தேவையில்லாத தீர்ப்பாகப் போனது வலித்தது. "அப்போ நா சொன்னதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நீங்க சொல்லாம வந்திருந்தா, நா ஆய்க்குடிக்கு பஸ் ஏறியிருப்பேன். எங்க அக்கா வீட்டுக்கு. எப்போ திரும்புவேன்னு தெரியாது."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுல பிரேக்கு நல்லா இருக்கும்."

நல்லக்கண்ணு தலையை நிமிர்த்தாமலே, "அண்ணாச்சி, பிரேக்குக்கு நல்லது தேங்கா எண்ணெயா நல்லெண்ணெயான்னு அடுத்த வருஷம் ஒண்ணு வைக்கலாம்லா?" என்றான். பிறகு கைபேசி விளக்கை அவரிடம் நீட்டி, "இத அசைக்காமப் பிடிங்க. பேசுனா கை ஆடும், பேசாதீங்க" என்றான்.

மைக் பிடித்த கை விளக்கைப் பிடித்தது. நாவரசு குத்தவைத்து உட்கார்ந்து பேசாமல் பார்த்தார். நல்லக்கண்ணு ஏதோ திரவத்தை அடித்து வட்டை இருபுறமும் கழுவித் துடைத்தான். அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் அங்குமிங்கும் இளகி ஓடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தான். விரலால் ஒருதரம்கூட வட்டைத் தொடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பேடு மாற்ற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மறுநாள்தான் வரும் என்றான்.

பேடு வந்து மாட்டுவதற்குள் வண்டி மண்டபத்து வாசலிலேயே ஒரு ராத்திரி சாரலில் நின்றது. காலையில் போய்ப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே வட்டில் மறுபடியும் அதே துரு, மஞ்சளும் சிவப்புமாக. அவர் வலது கை கொஞ்சம் துடித்தது. இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார். அருவிக்குக் குளிக்க வந்த முக்கு டீக்கடைக்காரன், "இல்லூர்தி நின்னுட்டா அண்ணாச்சி?" என்றான்.

"நிக்கும்லே" என்றார் பால்வண்ணநாதன். "இப்போ நல்லா நிக்கும்."

புதுப் பேடு மாட்டியதும் பிற்பகலில் ஆனந்தவள்ளி ஐந்தருவி சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். முதலில் சக்கரத்துக்குள் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அது போய்விட்டது. பக்கத்து இருக்கையில் பால்வண்ணநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"பிடிக்குதா வள்ளி?"

ஆனந்தவள்ளி சாலையைப் பார்த்தபடியே இன்னொரு தரம் மிதித்தார். வண்டி இழுக்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"வண்டி பிடிக்குது" என்றார்.