மணியடிக்காத பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணியே அடிப்பதில்லை என்று கணவன் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. மணியடிக்காமல் பிள்ளைகள் எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். பசிக்கும்போது சாப்பிடுவார்கள் என்றான், ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி.

“நல்லா இருக்கு. எங்க தியேட்டர்லயும் சொல்லிடறேன். டாக்டருக்கு எப்ப தோணுதோ அப்ப தையல் போடட்டும்.”

அவள் பதினாலு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். வயிற்றைத் திறப்பதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும் கத்தரி, ஊசி, பஞ்சுத்துணி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. கணக்கில் ஒரு துணி குறைந்தாலும் எப்பேர்ப்பட்ட சர்ஜனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாஸ்க் போட்ட முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்களே போதும். பயிற்சிக்கு வந்த பெண் தட்டில் தப்பான கத்தரியைத் தொடப் போனால் சிஸ்டர் ஒரு புருவத்தைத்தான் உயர்த்துவாள், கை அந்தரத்தில் நின்றுவிடும். பயிற்சிப் பெண்கள் அவளுக்கு ‘எக்ஸ்ரே’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிரச்சினை மகள் சின்னுதான். எட்டு வயது. இரண்டு மாதமாகக் காலையில் ஷூவை மாட்டினால் போதும், வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கணக்கு டீச்சர், தப்பாகச் சொல்கிற பிள்ளையை பெஞ்ச் மேல் நிற்க வைப்பாராம். ஐம்பது பேர் பார்க்கச் சின்னு பதினோரு நாள் நின்றிருக்கிறாள். வீட்டில் மூச்சு விடவில்லை. இனி அங்கே அனுப்புவதில்லை என்பதில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போனார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இரும்பு கேட் போட்ட ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அது அவள் பார்த்தது. மணியடிக்காதது அவன் பார்த்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். அவன் சோப்புக் கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதுகிறவன். ‘பசிக்கும்போது சாப்பிடுவார்கள்’ மாதிரி வாசகமெல்லாம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவனே அதில் மயங்கியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் பார்த்த பள்ளிக்கூடத்தில், அரை நாள் பிள்ளை வந்து இருந்து பார்க்கலாம், பெற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். அவனுக்கு மீட்டிங். அவள் லீவு போட்டுவிட்டுச் சின்னுவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. ‘இங்கே தவறு என்று எதுவும் இல்லை’ என்று கோணல்மாணலாக எழுதிய பலகை. அந்தக் கோணலும் வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு துணியை வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டு நோயாளியிடம் இந்தப் பலகையைக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே டீச்சர் என்று யாருமே கிடையாது, எல்லாரும் அக்கா, அண்ணன். தலைமையாசிரியைக்குப் பெயர் பெரியக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், இஸ்திரிப் பெட்டியையே கண்டிராத பருத்திச் சட்டை, கழுத்தில் மரமணி மாலை. சின்னுவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “உள்ள வரலாமான்னு உன் மனசைக் கேட்டுட்டு வா” என்றார். சின்னு மனசைக் கேட்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். சிஸ்டர் தலையை அசைத்ததும் உள்ளே போனாள்.

ஒரு பெரிய கூடம். நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன, பிள்ளைகள் தரையில் கிடந்தார்கள். ஒருத்தன் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுதினான். இரண்டு பெண்கள் களிமண்ணை முழங்கை வரை அப்பிக்கொண்டு ஏதோ குழாய் செய்தார்கள். அதில் தண்ணீர் ஊற்றினார்கள், ஒழுகியது, மறுபடி செய்தார்கள். ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டு ஒழுகுவதை ரசித்தான். எங்கே ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தாடி கொட்டிவிடாது. சொல்லவில்லை.

சிஸ்டர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேள்விகளோடு வந்திருந்தாள். ஒன்றுக்கும் பதில் பெயரவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு எந்த வகுப்பில் சொல்லித் தருவீர்கள் என்றால், “எப்ப தேவைப்படும்னு நீங்க நினைக்கிறீங்க?” அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றால், “என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?” பரீட்சை இல்லாமல் பிள்ளை படித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றால், அதற்கும் அதே சிரிப்பு, அதே பாட்டு. அவள் எண்ணினாள், எண்ணுவது அவள் தொழில். ஒன்பது கேள்விக்கு ஒன்பது தடவை. எல்லாம் நானே நினைக்க வேண்டுமென்றால் நீங்கள் எதற்கு, இந்தக் கட்டிடம் எதற்கு? கூட இருந்த பெற்றோர்கள் வேறு, ஒவ்வொரு ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’வுக்கும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

சின்னு கூடத்தின் நடுவில் நின்றாள். அரை நாளும் ஒன்றையும் தொடவில்லை. களிமண் பக்கம் போவாள், திரும்பி வருவாள். ஏறி விளையாடுகிற ஏணி பக்கம் போவாள், திரும்பி வருவாள். சிஸ்டருக்கு மனசுக்குள் ஒரு திருப்தி. என் பெண்ணுக்காவது அறிவிருக்கிறது, இந்தக் கூத்து அவளுக்கும் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கைதட்டி, ‘இன்று எனக்கு என்ன பிடித்தது’ என்று சொன்னார்கள். சின்னுவின் முறை வந்தபோது அவள் வாய் திறக்கவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று அதற்கும் கைதட்டினார்கள். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது பெரியக்காவிடம் போனாள். ஆஸ்பத்திரி எதிரே உள்ள பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. சும்மா ஒரு குத்து குத்திவிட்டுப் போகலாம் என்றுதான் பத்தாவது கேள்வியைக் கேட்டாள். “இவ்வளவு சுதந்திரம் இருக்கே, அப்புறம் ஏன் என் பொண்ணு ஒண்ணையும் தொடல?”

‘நீங்க என்ன நினைக்கிறீங்க’வுக்காகக் காத்திருந்தாள். பெரியக்கா சிரிக்கவில்லை.

“உங்க முகத்தைப் பாத்துதான். களிமண் பக்கம் நாலு தடவை போனா. நாலு தடவையும் தொடறதுக்கு முன்னாடி உங்களைத் திரும்பிப் பாத்தா. நீங்க புருவத்தைத் தூக்கினீங்க. வந்துட்டா.”

பெரியக்கா குரலை உயர்த்தாமல், வியாழக்கிழமை இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வரலாம் என்றும், அன்றைக்கு அம்மா மட்டும் வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பெற்றவளையே வெளியே நிற்கச் சொல்கிறார்களே, இதற்குப் பெயர்தான் சுதந்திரமாக்கும். சிஸ்டர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மத்தியான பஸ், கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சின்னு. மனசு கொதித்தது. கசங்கின சட்டை போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள். இரும்பு கேட் போட்ட இடத்தில் நாளைக்கே பணம் கட்டிவிடுவது. புருஷன் கேட்டால் சொல்வதற்கு வேண்டுமே என்று, ஒரு ஒப்புக்குத்தான் கேட்டாள்.

“உனக்கு அந்த ஸ்கூல் பிடிச்சிருந்துச்சா?”

சின்னு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முதலில் கண், அப்புறம் நெற்றி, அப்புறம் வாய், மறுபடி கண். கணக்கு நோட்டில் விடையைத் தேடுகிற மாதிரி தேடினாள். கிடைக்கவில்லை போல. மெதுவாகக் கேட்டாள்.

“எனக்குப் பிடிச்சிருந்துச்சாம்மா?”

சிஸ்டருக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பதினோரு நாள் பெஞ்ச் மேல் நின்றதை இந்தப் பிள்ளை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று விஷயம் வெளியே வந்த நாளிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தப்பாகச் சொன்னால் நிற்க வைக்கிற டீச்சருக்கு பயந்து ஓடி வந்த பிள்ளை, வீட்டில் யார் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது என்பது இப்போது தெரிந்தது. தியேட்டரில் அந்தரத்தில் நிற்கிற கைகள் ஞாபகம் வந்தன. அதில் பெருமைப்பட்டதும் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. அழுகை வந்தால் அதையும் இவள் படித்துவிடுவாள் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கெப்படித் தெரியும்? நீதானே உள்ள போன. நீ சொல்லு.”

ஒரு ஸ்டாப் போனது. இன்னொரு ஸ்டாப்பில் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். கழுத்து வலித்தது. அவள் வெளியே கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்ப மாட்டியே?” என்றது பின்னாலிருந்து குரல்.

“மாட்டேன்.”

“அந்தக் குழாய் அடியிலதான் ஒழுகுது. அந்தப் பொண்ணுங்க மேலயே மண்ணு வெச்சாங்க. அந்த அண்ணனுக்கும் தெரியல. நான் சொல்லியிருப்பேன். கைதட்டுறது பிடிக்கல. அது லூசு மாதிரி இருந்துச்சு.”

சிஸ்டருக்குச் சிரிப்பு பொங்கியது. உதட்டைக் கடித்து அடக்கினாள். இதற்குச் சிரித்தால், அம்மாவுக்குப் பிடித்தது இதுதான் என்று நாளையிலிருந்து கைதட்டலை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். கைப்பையில் போன் அடித்தது. சின்னு எடுத்துக் கொடுத்தாள். கணவன்தான். என்ன முடிவு செய்தாய் என்று கேட்டான்.

“போனை வெய்ங்க, அவ எங்கிட்ட பேசிட்டிருக்கா,” என்று சொல்லி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, பைக்குள் திரும்ப வைக்கப் போனைப் பின்பக்கம் நீட்டினாள். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. சின்னு இன்னும் முடிக்கவில்லை. சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.