அவள் போனுக்குப் போன எண்

கிடங்கு வாசலில் புது உத்தரவு ஒட்டியிருந்தார்கள். இனி சூப்பர்வைசர் நின்று பேர் கூப்பிட மாட்டார். கம்பெனி ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதில் பச்சை விழுந்தவனுக்குத்தான் அன்றைக்கு மூட்டை.

அங்கே மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரின் போன் இடமில்லை என்றது. எத்தனை முறை அழுத்தினாலும் அதையேதான் சொன்னது. வேலைக்கு வந்த நாளெல்லாம் வாசலோடு திரும்பினார்.

கூட மூட்டை தூக்குகிறவன் ஒருத்தனுக்கு ரேடியோ என்று பேர். விடிந்ததிலிருந்து வாய் ஓயாது. அவன்தான் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இந்த போட்டோ ஆப்தான் இடத்தையெல்லாம் தின்கிறது, இதைத் தூக்கு என்றான். அவர் போனை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த ஆப் மகள் போட்டுக் கொடுத்தது. வீட்டில் இருந்த காலத்தில், தன் நம்பரிலேயே திறந்து, தான் எடுக்கிற படமெல்லாம் அப்பா போனிலும் தெரியும்படி செய்தாள். சிமென்ட் தின்று அவர் விரலில் ரேகை இல்லை. எந்த மெஷினும் அவரை ஆளாக மதிப்பதில்லை. அதனால் எதுவும் கேட்காமல் திறக்கும்படி வைத்தாள். அப்புறம் ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வாசலில் நின்று அவர் சொன்னது இதுதான்: "தாண்டினா அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்க. போன் கீன் பண்ணாத." அவள் தாண்டினாள். போன் பண்ணவில்லை.

ஆனால் படங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் போனிலும் அது இருப்பதை மறந்திருப்பாள் என்று அவர் நினைத்தார். ஒரு குறுகலான சமையலறை, நீல வாளி, பெருத்த வயிறு, பிறகு ஒரு குழந்தை. பேரன் பேர்கூட அவருக்குத் தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒற்றை அறையில் அவர் மனுஷ முகம் பார்ப்பது அதில்தான். மாலையில் தூசி போகக் குளித்து, சோற்றைத் தின்று, கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆப் என்பது டிரங்குப் பெட்டி மாதிரி, தூக்கிப் போட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

டீ குடிக்கும்போது விஷயத்தை ரேடியோ சபைக்குக் கொண்டுவந்தான். ஆப்பைத் தூக்கிவிட்டு வெப்சைட்டில் பார்க்கலாமா என்பதற்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆப் சொந்த வீடு, வெப்சைட் வாடகை வீடு என்றான் ஒருத்தன். அது கம்ப்யூட்டரில் இருப்பது, இது போனில் இருப்பது, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றான் இன்னொருத்தன். ரேடியோ கையை ஆட்டினான்.

"யோவ் பெருசு, ஆப்புங்கிறது வெறும் கதவுய்யா. கதவைக் கழட்டினா உள்ள இருக்கிறவங்க செத்தா போயிடுவாங்க? வெப்சைட்டுன்னு முன்வாசல் ஒண்ணு இருக்கு. அது வழியா போய்ப் பாரு."

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவர் போனை நீட்டினார். ரேடியோவின் கட்டைவிரல் அழுத்த, அந்தச் சின்னப் படம் நடுங்கிவிட்டு மறைந்தது. கம்பெனி ஆப் ஏறியது. பச்சை விழுந்தது. அன்று பொழுது சாயும்வரை மூட்டை தூக்கினார்.

மாலையில் ரேடியோ சொன்ன முன்வாசலைத் திறந்தார். படம் எதுவும் இல்லை. நீ யார் என்று கேட்டது. தன் நம்பரைப் போட்டார். இப்படி ஒருவர் இங்கே இல்லை என்றது.

மறுநாள் வேலை முடிந்ததும், தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போனார். அவள் ஏதோ ஒரு போனின் முதுகைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். உள்ளே இருந்தது ஒன்றும் போகவில்லை, பயப்படாதீர்கள் என்றாள். "ஆப்பு பழகின ஆளு மாதிரிண்ணே. ஒருதடவ உள்ள விட்டா அப்புறம் கேக்காது. நீங்கதான் அதை அனுப்பிட்டீங்க. இப்ப எந்த வழியா போனாலும் புது ஆளுதான்." பிறகு, யார் நம்பரில் திறந்தது என்று கேட்டாள். மகள் நம்பர் என்று அதைச் சொன்னார். அவள் போட்டாள்.

"அப்ப சுலபம். இதை அழுத்தினா அவங்க போனுக்கு ஆறு நம்பர் போகும். கேட்டுச் சொல்லுங்க, போட்டுரலாம்."

அவள் விரல் இறங்குவதற்குள் அவர் உள்ளங்கையை வைத்துப் போனை மூடினார்.

"அழுத்தினா அவளுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? யாரோ உள்ள வரப் பாக்கறாங்க, எந்த போன்லேந்துன்னு எல்லாம் காட்டுமே."

போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போன் பண்ணாதே என்று சொன்ன வாய் அவருடையது. அழுத்தினால், இத்தனை காலமும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவரே போய்ச் சொன்னது போலத்தான்.

அதன்பிறகு மாலைகள் நீண்டுபோயின. பச்சை விழுந்தது, மூட்டை இருந்தது, கூலி வந்தது. குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயல் இந்நேரம் எழுந்து நின்றிருப்பான்.

ஒருநாள் சோற்றுத் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு, முன்வாசலில் மகள் நம்பரைப் போட்டு அழுத்தினார்.

எண் அனுப்பப்பட்டுள்ளது என்றது. கீழே அவள் நம்பரின் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மற்றது அவருக்கு மனப்பாடம்.

தட்டைக் கழுவினார். கழுவியிருந்த குண்டானையும் எடுத்துத் தேய்த்தார். போன் கத்தியது. மகள் நம்பரிலிருந்து ஒரு செய்தி. ஆறு எண்கள். யார் என்று கேட்கவில்லை, அப்பா என்றும் இல்லை.

வெடித்த விரல். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளதும் விழுந்தது. அழித்து அழித்துப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. வெட்கத்தை விட்டு இன்னொருமுறை அழுத்தினார். இந்தமுறை உடனே வந்தது. கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். விரலை மடக்கி, மூட்டால் ஒவ்வொன்றாகக் குத்தினார். திறந்தது.

பயல் நாற்காலியைப் பிடித்து நிற்கிறான். மகள் முடியைக் கத்தரித்திருக்கிறாள். நீல வாளி உடைந்து இப்போது சிவப்பு. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனதில் பழைய படம் ஒன்று வந்தது. அவர்தான். மூட்டைக் கொக்கி பக்கத்தில் கிடக்க, வாயைப் பிளந்து தூங்குகிறார். அதை அவள் அழிக்கவில்லை.

அவள் செய்திக்குக் கீழே ஏதாவது எழுதலாம் என்று பார்த்தார். வரவில்லை.

படங்களுக்கு அடியில், ஓரமாக, ஒரு கேள்வி அத்தனை நேரமும் நின்றுகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தப் போனை நினைவில் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் இனி எண் கேட்காது, அவள் போனுக்கும் எண் போகாது.

வேண்டாம் என்பதை அழுத்தினார்.