மூக்கை உறிஞ்சாமல் ஒரு பாட்டு

புல் பூக்கிற மாதங்களில் செத்துப்போகிறவர்கள் அந்த அஞ்சலி மண்டபத்தில் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்குப் பாட்டோடு கண்ணீரும் கிடைத்தது. மற்ற மாதங்களில் போய்ச்சேர்ந்தவர்களுக்கு வெறும் பாட்டுதான்.

பாடியவர் என்னவோ ஒருவர்தான். போனவரின் படத்துக்குப் பக்கத்தில் நின்று, அவரை வழியனுப்புகிற பாட்டைப் பாடுவது அவர் வேலை. மண்டபத்தைச் சுற்றி நாலு பக்கமும் புல்வெளி. புல் பூத்து மகரந்தம் காற்றில் கிளம்பிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கு நமைக்கும், கண் சிவக்கும், தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது ஒவ்வாமை என்று எங்கே தெரியப்போகிறது? முன்பின் தெரியாத மனுஷன் நம் அப்பாவுக்காக இப்படி உருகுகிறாரே என்று அவர்களும் சேர்ந்து அழுதார்கள். பெற்ற பிள்ளை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க, கூலிக்குப் பாட வந்தவர் குலுங்கினால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு கரையத்தானே செய்யும்.

ஆரம்பத்தில் அவர் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தார். மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவரிடம், "இது அழுகை இல்லைங்க, புல்லு" என்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, ஆம்பளை அழறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க வேண்டியவருக்கே துக்கக்காரர் ஆறுதல் சொன்ன கூத்துக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணீருக்காகவே அவரைக் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். நன்றாகப் பாடுகிறவர் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவருக்கு நன்றாக அழுகிறவர் என்ற பெயர்தான் கிடைத்தது.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மனைவி. இன்னொருவன் அவருக்குக் கீபோர்டு வாசித்த நண்பன். ஒரு காலத்தில் ஆர்மோனியப் பெட்டி வாசித்தவன் என்பதால் கீபோர்டுக்கு மாறிய பிறகும் எல்லோருக்கும் அவன் பெட்டிதான். அவன் இவரை மூக்கா என்று கூப்பிட்டான். அதுவும் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே கூப்பிடுவான்.

இருவருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருந்தது. பாடும்போது மூக்கு தாங்காத இடத்தில் இவர் வலது காதைத் தொடுவார். பெட்டி உடனே இடையில் ஒரு சுற்று வாசித்து நிரப்புவான். இவர் படத்தின் பக்கம் திரும்பி உறிஞ்சித் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வருவார். துக்கம் தாளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கூட்டம் இன்னும் கொஞ்சம் அழும். அடைப்பு முற்றிய நாட்களில் 'அம்மா' என்று பாடினால் 'அப்பா' என்று வந்து விழும். அந்த வரி நெருங்கும்போதே பெட்டி சத்தத்தைக் கூட்டிவிடுவான். பாட்டில் பாதிதான் இவர் பாடியது, மீதி பெட்டி போட்ட ஒட்டு.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வாங்கினார், ஆவி பிடித்தார். மாத்திரை போட்டால் தும்மல் நின்றது, ஆனால் தொண்டை வறண்டு மேல்ஸ்தாயி கையை விரித்தது. ஒருமுறை மாத்திரை மயக்கத்தில் இரண்டாவது சரணத்தை இரண்டு தரம் பாடிவிட்டார். இறந்தவரின் குடும்பம் அதற்காகத் தனியாக வந்து நன்றி சொன்னது. மற்ற மாதங்களில் ஒழுகுவது நிற்குமே தவிர, அடைப்பு முழுசாகப் போனதே கிடையாது. மண்டபத்துத் திரைச்சீலைத் தூசி அதைக் கவனித்துக்கொண்டது.

இந்த வருடம்தான் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் மூக்குக்குள் அடிக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்தார். உடனே கேட்காது, விடாமல் அடித்துக்கொண்டே வரவேண்டும் என்றார். அடித்தார். ஒரு காலை எழுந்தபோது இரண்டு மூக்கிலும் காற்று போய் வந்தது. அன்று மண்டபத்தில் பாடியபோது அவர் கை காதுக்குப் போகவே இல்லை. பாட்டு முடிந்து திரும்பினால், பெட்டி கீபோர்டு மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

"வாசிக்க மறந்துட்டேன்டா மூக்கா" என்றான்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. அஞ்சலி நடத்திய குடும்பத்தின் மூத்த மகன் மேனேஜரம்மாவிடம் போய், பாட்டு நல்லாத்தான் இருந்தது, ஆனா மனசுலேர்ந்து வரலை என்று சொல்லிவிட்டான். அடுத்த குடும்பமும் அதையே சொன்னது. மேனேஜரம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, புதிதாக ஒரு பெண் பாட வாய்ப்புக் கேட்டு வந்திருக்கிறாள், பாடும்போதே கண் கலங்குகிறாள் என்றும் சொன்னார். சுத்தமாகப் பாடியதற்காகப் பிழைப்பில் மண் விழுந்த ஒரே பாடகர் இவராகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போனவர் மருந்தை எடுத்து அலமாரியில், பழைய பில்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் கண்ணீர் திரும்பி வந்தது. மேனேஜரம்மாவின் சிரிப்பும் திரும்பி வந்தது.

பெட்டிக்கு வந்த கோபம் லேசுப்பட்டதல்ல. டீ குடிக்கப் போன இடத்தில் டம்ளரை ஓசையோடு வைத்தான்.

"யாருக்கு வேணும்னாலும் ஒழுகிக்கிட்டுப் பாடு. என் முறை வரும்போது மட்டும் அந்த நல்ல குரல்ல பாடணும். எங்கயும் நிக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது. நான் வேற வாசிக்க இருக்க மாட்டேன், பாத்துக்க."

இவர் சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுக்கப் போனார். பத்து நாள் கூட ஆகவில்லை. பெட்டி ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. புல் நன்றாகப் பூத்திருந்த நேரம்.

சேதி கேட்டதும் மனிதர் செய்த முதல் காரியம் அலமாரியைத் திறந்து மருந்தைத் தேடியதுதான். செத்தவன் வீட்டுக்கு ஓடாமல் மூக்கில் மருந்து அடித்துக்கொண்டு நின்றதைப் பிறகு நினைத்து அவருக்கே கூசியது. பெட்டியின் மகள் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அஞ்சலிக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. ஆனால் அந்த மருந்துக்கு அது போதாது என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்த்தார். கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளை உள்ளே கொண்டுவந்து மறுபடி அலசி, குளியலறையிலேயே உலர்த்தினார். பெட்டியின் வீட்டுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனார். கதவோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பி வந்து தலைக்குக் குளித்தார். வந்தவர்கள், கூடவே இருந்தவன் எட்டி நிற்கிறானே என்று முகத்தைச் சுளித்தார்கள். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்தால் மூச்சை இழுத்து இழுத்து எந்த மூக்கு திறந்திருக்கிறது என்று பார்த்தார். வலது பக்கம் திறந்தால் இடது பக்கம் அடைத்தது.

மகரந்தத்துக்காவது கதவைச் சாத்தலாம். உள்ளேயிருந்து வருவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. பாட்டுத்தாளை எடுக்கப் பையைத் திறந்தார், உள்ளே கீபோர்டு வயர் சுருண்டு கிடந்தது. தன் பையில் இடமில்லை என்று பெட்டி எப்போதும் இவர் பையில்தான் அதைத் திணிப்பான். பார்த்த மாத்திரத்தில் கண் நிறைந்தது, நிறைந்ததும் மூக்கு இறுகச் சாத்திக்கொண்டது. அவர் பதறிப்போய் முகத்தில் தண்ணீரை அடித்தார். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களை வாய்விட்டுச் சொன்னார். வருஷக்கணக்காக யார் யாருக்கோ கொட்டிய கண்ணீர், கொட்டவேண்டியவனுக்குக் கொட்டக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்த வயரை எடுத்து வெளியே வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "வாய்விட்டு அழுதுடுங்களேன். நெஞ்சுல கட்டி வெச்சுக்கிட்டு இப்படி நடந்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"அழுதா அடைச்சுக்கும். அடைச்சா அவன் கேட்டது கிடைக்காம போயிடும்."

அவள் கதவிடுக்குத் துணியை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள்.

மேனேஜரம்மா போன் செய்தார். பெட்டி எல்லா மண்டபங்களிலும் வாசித்தவன், ஊரில் நிகழ்ச்சி நடத்துகிற அத்தனை பேரும் வரப்போகிறார்கள் என்றார். "உங்க பாட்டைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. உங்க சிநேகிதர் வேற. நான் சொல்லணுமா என்ன" என்று முடித்தார். என்ன எதிர்பார்க்கிறார் என்று தெளிவாகவே புரிந்தது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவார் என்பதும் புரிந்தது. அஞ்சலிக்கு முந்தின நாளே மனிதர் மண்டபத்துக்குப் போய்த் தோட்டக்காரனைப் பிடித்து, பாட்டு முடிகிற வரைக்கும் புல் வெட்டுகிற மெஷினை எடுக்காதே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று கெஞ்சிவிட்டு வந்தார். தோட்டக்காரன் சரியென்றான். இத்தனை வருடமும் மனுஷன் இளகிய மனசுக்காரர் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அன்று மண்டபம் நிறைந்து, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். வேறு ஆளை வாசிக்கச் சொல்லட்டுமா என்று மேனேஜரம்மா கேட்டதற்கு வேண்டாம் என்றார். மூடிய கீபோர்டு படத்துக்குக் கீழே இருந்தது. படத்தில் பெட்டி ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். கேலிக்கு வாயெடுக்கும் முன்னால் அவன் முகம் அப்படித்தான் இருக்கும். யார் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் நல்லது, அது மூக்கை அடைக்காது. படத்தைப் பார்க்காமல் வாசல் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

மூச்சு வந்தது. வலது பக்கம் முழுசாகவும், இடது பக்கம் ஏதோ போனால் போகிறதென்றும் வந்தது. பல்லவி தாண்டியது. முதல் சரணத்தின் முடிவில், வழக்கமாகத் திரும்புகிற இடத்தில், கை தானாகக் காதை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் அதை இறக்கி மைக்கைப் பிடித்துக்கொண்டார். நிரப்ப ஆளில்லாத அந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டினார். இரண்டாவது சரணத்தில் கண் படத்தின் பக்கம் நழுவியது. அதைக் கதவின் கைப்பிடிக்கே இழுத்து வந்தார். மேலே ஏறி நிற்க வேண்டிய இடம் வந்தபோது குரல் ஒரு தடையும் இல்லாமல் ஏறி, நின்று, அசையாமல் இருந்தது. நன்றாக இருந்தது. தன் வாழ்நாளிலேயே நன்றாகப் பாடியது இப்போதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. அது இன்றைக்கா வாய்க்க வேண்டும் என்று வேதனையாகவும் இருந்தது.

முடித்தார். கண் காய்ந்திருந்தது. கூட்டத்தில் ஒருவரும் அழவில்லை. பின்வரிசையில் யாரோ, ஊரார் சாவுக்கெல்லாம் குலுங்கினவர் கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவனுக்கு ஒரு சொட்டு விடலையே, சரியான நெஞ்சழுத்தக்காரர் என்றது காதில் விழுந்தது. அந்தப் புதுப்பெண்ணும் வந்திருந்தாள். மேனேஜரம்மா அவளருகே குனிந்து ஏதோ கேட்க, அவள் தலையாட்டினாள். அவர் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பெட்டியின் மனைவி எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கேட்டதை வீட்லயும் சொல்லியிருந்தார். எங்கயும் நிக்கலையே அண்ணே" என்றாள். "அவர் இருந்திருந்தா இன்னைக்கும் வாசிக்க மறந்திருப்பார்."

அவர் கையை உருவிக்கொண்டு வெளியே நடந்தார். படியிறங்கி, யாரும் மிதிக்கக் கூடாதென்று பலகை வைத்திருந்த புல்வெளியின் நடுவே போய் உட்கார்ந்தார். பூத்த புல் முழங்கால் வரை உரசியது. அவர் அழுதார். மூக்கு இறுக அடைத்து, வாயால் மூச்சு வாங்கி, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதார். அடைத்தால் அடைக்கட்டும் என்று அழுதார்.

தோட்டக்காரன் எங்கிருந்தோ ஓடிவந்தான். "சார், நீங்க சொன்ன மாதிரியே நான் இன்னைக்கு மெஷினைத் தொடவே இல்லை. நீங்க எதுக்கு இங்க வந்து உக்காந்தீங்க? உங்களுக்குத்தான் இது ஒத்துக்காதே."

"இது புல்லு இல்லப்பா" என்றார்.

"சரி சார், சரி" என்று தோட்டக்காரன் அவர் தோளைத் தட்டினான். அவன் நம்பவில்லை. முகம் கழுவினால் சரியாகிவிடும் என்று சொல்லி, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான்.