வேறு பள்ளத்தாக்கில் இறங்கியவர்கள்

"ஏழுன்னா ஏழு. ஏழு அடிச்சு ஒரு நொடி ஆனாலும் போனை எடுத்துடுவேன்" என்றாள் எஃபி.

"எடு. யாரு வேண்டாம்னா? நாங்க அஞ்சு மணிக்கே உன் அடுப்படியில உக்காந்து டீ கேப்போம்" என்றான் டூகல்ட்.

எஃபி என் நாத்தனார். என் கணவன் டூகல்டுக்கு மூன்று வயது மூத்தவள். முப்பது வருஷம் ஊர்த் தபாலாபீஸை நடத்தியவள். பன்னிரண்டுக்குக் கதவடைப்பு என்றால், இடுக்கில் பாதிரியார் மூக்கே மாட்டினாலும் அடைத்துவிடுவாள். குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் ஏறும் வழி, இறங்கும் வழி, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி யார் கையிலாவது கொடுத்துவிட்டுத்தான் போவோம். எங்களுக்கு அந்த ஆள் எஃபி. சொன்ன நேரத்துக்குள் எங்கள் குரல் வராவிட்டால் அவள் மீட்புக் குழுவைக் கூப்பிடுவாள். குழுவுக்குத் தலைவன் ஃபின்லே. அவளுடைய ஒரே மகன்.

பழைய உறையின் முதுகில் டூகல்ட் எழுதியிருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள்.

"வடக்குச் சரிவு வழியா இறங்குறதா போட்டிருக்கே. ஒரு வாரமா அந்தப் பக்கந்தானே பனி குவியுது? மொத்தமா சரிஞ்சு வந்தா?"

"மேல போய்ப் பாப்போம். சரியில்லன்னா கிழக்கு மலைமுதுகைச் சுத்திக்கிட்டு வருவோம். நாப்பது வருஷமா ஏறுற மலை, அக்கா. போன மாசம் எடின்பரோவுலேர்ந்து வந்துச்சே ரெண்டு, தெற்கால இறங்கி வேற பள்ளத்தாக்குல போய் நின்னுக்கிட்டு எங்க காரைக் காணோம்னு அழுதுச்சே, அந்த ரகமா நாங்க?"

"ரோட்டு வழியா தொண்ணூறு மைல் சுத்தி அதுங்கள ஏத்திட்டு வந்தவன் என் புள்ள. சிரிக்காதே."

"சிரிக்கலக்கா."

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தான்.

எங்கள் ஊர்ப் பனியை நம்பி யாரும் பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டை வாங்கக் கூடாது. வாங்கிவிட்டால் பாதி நாள் அதைத் தோளில் சுமக்க வேண்டும். அன்றைக்கும் காரை விட்ட இடத்தில் வெறும் சேறு. முதல் ஒரு மணி நேரம் புதர்க்காட்டுக்குள் கட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தோம். அதற்கு மேலேதான் பனி. ஸ்கீக்கு அடியில் ரோமப்பட்டைகளை ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காமல் ஏறலாம். ஒட்டினோம், ஏறினோம். காலையில் மழை. பத்து மணிக்குத் தொப்பியைக் கழற்றும்படி வெயில். பதினொன்றுக்கு ஜவ்வரிசியை அள்ளி வீசின மாதிரி ஆலங்கட்டி. காற்று மட்டும் மாறாமல் தென்மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது.

"மத்தியானத்துக்கு மேல காத்து வடக்கே திரும்பும்னு ரேடியோவுல சொன்னான்" என்றான் டூகல்ட்.

"அவன் சொல்லி எது திரும்பியிருக்கு?"

மேலே ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். டூகல்ட் கைபேசியை எடுத்துப் பார்த்து முனகினான்.

"இருபது பர்சன்ட்தான் இருக்கு. காலைல நூறு இருந்துச்சு."

"பின்ன? வெளிப்பையில வச்சா விறைச்சுச் சாகத்தான் செய்யும். நெஞ்சோட வை."

"நெஞ்சுப் பையில காம்பஸ் இருக்கு."

"இருக்கட்டுமே, ரெண்டும் சண்டையா போடப் போகுது?" நானே பிடுங்கி அவன் நெஞ்சுப் பைக்குள் திணித்து, ஜிப்பையும் இழுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக்கொடுத்த புது உறையில் இருந்தது அது. தானாகவே டப்பென்று மூடிக்கொள்ளும் உறை.

என் கைபேசி வீட்டு மேஜையில் இருந்தது. காம்பஸும் எங்களிடம் ஒன்றுதான். இரண்டு எடுத்துப் போன காலத்தில் இரண்டு மடங்கு சண்டை போட்டோம்.

உச்சி என்று பெயரே தவிர, அது இரண்டு மைல் அகலத்துக்குப் பரந்த மொட்டை மேடு. அதன் நடுவில் போய் நிற்கும்போது மேகம் இறங்கியது. இறங்கியது என்றால், பால் குண்டானுக்குள் எங்களைப் போட்டு மூடிவிட்டது. தரை எது, வானம் எது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நகர்வது போலத் தலை சுற்றியது.

"பயப்படாதே. வடக்கே அரை மணி நேரம். அப்புறம் விளிம்பு" என்று டூகல்ட் காம்பஸை எடுத்துக் கையில் பிடித்தான்.

"பயம் யாருக்கு? விளிம்புல பனி கூரை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அது மேல போய் நின்னுட்டுத் தேடாதே."

"உருண்டை போடறேன்."

பனியை உருண்டை பிடித்து முன்னால் எறிவான். விழுந்து கிடந்தால் அங்கே தரை இருக்கிறது, போகலாம். காணாமல் போனால் தரை இல்லை. எறிவது, பத்தடி வைப்பது, மறுபடி எறிவது. அறுபத்தெட்டு வயசுக் கிழவன் காற்றோடு பந்து விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் போனதும் மூக்கு மரத்துவிட்டது. அதில்தான் எனக்கு உறைத்தது.

"டூகல்ட், நில்லு. காத்து மூஞ்சில அடிக்குது."

"அடிக்காம?"

"வடக்கே போனா முதுகுலதானே அடிக்கணும்? காலைலேர்ந்து தெற்குக் காத்துதானே?"

"திரும்பிருச்சு. ரேடியோவுல சொன்னான்ல."

"மேகத்துக்குள்ள நுழைஞ்ச அதே நிமிஷத்துல திரும்புச்சா?"

"இஷ்பெல், காத்து ஆயிரம் பொய் சொல்லும். காம்பஸ் சொல்லாது. வா."

போனேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படித்தானே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் உருண்டை காணாமல் போகும் என்று காத்திருந்தோம். போகவில்லை. ஒன்று எறிந்தான். அது விழுந்து, கொஞ்சம் உருண்டு, எதிலோ தட்டி நின்றது. கிட்டே போய்ப் பார்த்தோம். பனிக்கு மேல் ஒரு கொத்துப் புதர், பழுப்பாக. அதற்கு அப்பால் கல். ஸ்கீ கல்லில் உரசி நறநறத்தது. தரை எங்களுக்கு முன்னால் மெல்லக் கீழே சரிந்துகொண்டிருந்தது.

நான் குனிந்து அந்தப் புதரைத் தொட்டுப் பார்த்தேன்.

"நம்ம பக்கத்துல புதர் தலை காட்டுமா இப்போ?" என்றேன்.

"நம்ம பக்கத்துல பத்தடிப் பனி."

"அப்போ இது எந்தப் பக்கம்?"

ஒரு வாரமாகத் தென்மேற்குக் காற்று சுரண்டிச் சுரண்டி மொட்டையடித்த பக்கம் ஒன்றுதான் உண்டு. தெற்கு.

"காம்பஸ் வடக்கேன்னு காட்டுதே" என்று முணுமுணுத்தான். குழந்தை மாதிரி அதைத் தட்டினான், குலுக்கினான். முள் அசைந்து மறுபடி அதே இடத்தில் போய் நின்றது.

"திரும்பிடலாம். காத்தை முதுகுல வச்சுக்கிட்டா வடக்கே போயிடலாம்" என்றான்.

"போய்? அந்தக் கூரை எங்க முடியுதுன்னு காத்து வந்து சொல்லுமா? கிழக்கு முதுகை இந்த மேகத்துல எதை வச்சுக் கண்டுபிடிப்பே? இப்படியே இறங்கு. இங்க கீழ விழுந்தாலும் முட்டிதான் சிராயும்."

"இப்படி இறங்கினா ஃபியார்ன் பள்ளத்தாக்கு. நமக்கு முன்னாடி ஆறு மைல் நடை. அப்புறந்தான் முதல் வீடு."

அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மணி என்ன?"

"மூணு பத்து."

"ஏழு மணிக்கு எஃபி கூப்பிடுவா."

"கொஞ்சம் காத்திருப்பா. தம்பிதானேன்னு..."

"உங்க அக்காவா? டூகல்ட், ஏழு அடிச்சு ஒரு நொடியில கூப்பிடுவா. ஃபின்லே எட்டுப் பேரோட வடக்குச் சரிவுக்கு வருவான். நாம எழுதிக் கொடுத்த இடம் அதுதானே. அந்தப் பனிக்கு அடியில, இருட்டுல, நம்மளத் தேடிக்கிட்டு..."

"சொல்லாதே" என்றான்.

கைபேசியை எடுத்தான். செத்துப்போயிருந்தது. உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது.

எப்படி இறங்கினோம் என்று கேட்டால், எல்லா விதமாகவும். ஓடையோரம் ஒரு முழ அகலத்துக்குப் பனி கிடந்தது. அதில் சறுக்கினோம். பனி அறுந்த இடத்தில் கழற்றிச் சுமந்தோம். மறுபடி மாட்டினோம். டூகல்ட் ஒரு முறை புதருக்குள் தலைகுப்புற விழுந்து, கால் இரண்டும் வானத்தைப் பார்க்கக் கிடந்தான்.

"உடம்பு முழுசா இருக்கா?"

"மானம் மட்டும் போச்சு."

"அதை நாளைக்குத் தேடிக்கலாம். எந்திரி."

அடிவாரத்தில் பாதையைத் தொட்டபோது ஐந்து. கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. நெற்றி விளக்குகளைப் போட்டுக்கொண்டு, கட்டைகளைத் தோளில் சாய்த்து, ஸ்கீ பூட்ஸில் டக் டக்கென்று நடந்தோம். மழை வந்தது, போனது, ஈரப்பனியாகி மறுபடி வந்தது. பேசவே இல்லை. பேசினால் மூச்சு வீண். எனக்குள் மட்டும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஃபின்லே பொடியனாக இருந்தபோது என் அடுப்படியில் உட்கார்ந்து, "அத்தை, இன்னொரு அப்பம்" என்று கேட்கும் குரல். ஆறரை. ஆறே முக்கால். வெளிச்சம் எதுவும் இல்லை.

"நீ முன்னாடி ஓடு. உன் முட்டி தேவலை" என்றேன்.

"உன்னை விட்டுட்டா? எஃபி என்னைக் கொன்னுடுவா."

ஏழு ஆயிற்று. நின்றுகூடப் பார்க்கவில்லை. நடந்தோம். டூகல்டின் உதடுகள் அசைந்தன. அவன் கோயில் பக்கம் போய் இருபது வருஷம் இருக்கும்.

வளைவு திரும்பியதும் மஞ்சளாக ஒரு ஜன்னல். மான்காட்டுக் காவல்காரர் வீடு. நாய் குரைத்தது. நான் கதவைத் தட்டக் கையை ஓங்குவதற்குள் கதவே திறந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி, கையில் சூப் கரண்டியோடு.

"டூகல்ட், இஷ்பெல்?"

இருவரும் தலையாட்டினோம்.

"உங்களுக்குத்தான் சூப்பு சூடா இருக்கு. ஸ்கீயை வெளிய சாத்துங்க, நாய் கடிச்சு வைக்கும். முதல்ல போன். அதோ சுவத்துல. போங்க."

"எப்படித் தெரியும் உங்களுக்கு..." என்று டூகல்ட் ஆரம்பித்தான்.

"போனைப் பேசுங்கய்யா!"

மீட்புக் குழு டிப்போவின் எண்ணை நான்தான் சுழற்றினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண். மூன்றாவதில் பாதி மணி கூட அடிக்கவில்லை.

"ஃபின்லே?"

"அத்தை! எங்க, முர்டினா வீட்டுலதானே?"

"ஆமாண்டா. நீ எங்க இருக்கே? கிளம்பிட்டியா?"

"இல்ல, டிப்போவுலதான். பயலுங்க எல்லாம் டீ குடிக்கிறானுங்க."

நான் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாய் வந்து மடியில் தலையை வைத்தது. நான் அழுவதைப் பார்த்து டூகல்டின் முகம் வெளுத்துவிட்டது. தலையை ஆட்டிக் காட்டினேன், ஒன்றுமில்லை, எல்லாரும் இருக்கிறார்கள் என்று. அவன் சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றான்.

"அம்மா ஏழு மணிக்குக் கூப்பிட்டா" என்று ஃபின்லே சொல்லிக்கொண்டிருந்தான். "ஏழு அடிச்சு ஒரு நொடி. ஆனா வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நாங்க எப்பவும் அந்தப் பக்கத்து வீடுங்களுக்கு ஒரு போன் போடுவோம். வேற பள்ளத்தாக்குல இறங்கியிருக்காங்களான்னு. அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் கிளம்புவோம். பத்துல ஆறு பேரு அப்படித்தான் கெடைக்கிறாங்க."

"இத்தனை வருஷமா இதை எங்ககிட்ட சொன்னதே இல்லையே?"

"மாமாகிட்ட எப்படிச் சொல்றது? அவருதான் தப்பா இறங்க மாட்டாரே."

டூகல்டிடம் கொடுத்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "சரிடா... சரி... சிரி, சிரி, நல்லா சிரி" என்றான்.

பார்லி சூப் இரண்டாவது கிண்ணம் போகும்போது டூகல்ட் காம்பஸை மேஜை மேல் வைத்தான். "வாங்கி ரெண்டு வருஷங்கூட ஆகல. எப்படிப் பொய் சொல்லும்?"

முர்டினா அலமாரியிலிருந்து தன் வீட்டுக்காரரின் காம்பஸை எடுத்து எட்டத் தள்ளி வைத்தாள். ஒன்றின் சிவப்பு முள் அடுப்பைக் காட்டியது. மற்றதன் சிவப்பு முள் அதற்கு நேர் எதிரே இருந்த கதவைக் காட்டியது.

"முள்ளு தலைகீழா ஆயிருச்சு. காந்தம் பக்கத்துல வச்சீங்களா? போன் உறை ஏதாவது?" என்றாள். "இந்தக் குளிர்காலத்துல நீங்க மூணாவது."

டூகல்ட் மெதுவாக நெஞ்சுப் பையைத் திறந்து கைபேசியை எடுத்தான். உறையைத் திறந்து விட்டான். டப்பென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்து விட்டான். டப்.

"யாரு வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டாள் முர்டினா.

நான் சூப்பைப் பார்த்தேன்.

"வீட்டுல ஒரு நல்லவ இருக்கா" என்றான் டூகல்ட். "வாங்கிக் கொடுத்ததும் அவதான், பையில திணிச்சதும் அவதான்."

"காத்து மூஞ்சில அடிக்குதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அதுவும் அவதான்" என்று ஒத்துக்கொண்டான்.

காலையில் எஃபியே காரை எடுத்துக்கொண்டு தொண்ணூறு மைல் சுற்றி வந்தாள். ஃபின்லே வருவதாகச் சொன்னானாம், விடவில்லை. இறங்கி வந்து தம்பியின் தோளில் ஒரு அடி வைத்தாள், செல்லமாக இல்லை. பிறகு என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"காலைல விடிஞ்சதும் ஃபின்லே ரோட்டுலேர்ந்து பாத்தான்" என்றாள், வண்டி கிளம்பின பிறகு, கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி. "வடக்குச் சரிவுப் பனி மொத்தமா சரிஞ்சு கீழ கிடக்காம். எப்போ சரிஞ்சுச்சுன்னு யாருக்கும் தெரியல."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு டூகல்ட் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, இனிமே ரெண்டு காம்பஸ் எடுத்துட்டுப் போறோம்."

"ரெண்டு மடங்கு சண்டை வருமே?" என்றேன்.

"வரட்டும்" என்றான்.